மருத்துவமனை உலோகப் பரப்புகளில் வைரசுச் செயலிழப்பு: சோதனை முறைகளும் முடிவுகளின் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

செம்பு, பித்தளை, வெள்ளி அயனி கலந்த பூச்சுகள் முதலான நுண்ணுயிர் எதிர்ப்புப் பரப்புகள் மருத்துவமனைகளில் தொற்றுப் பரவலைக் குறைக்கும் துணைக்கருவிகளாக முன்வைக்கப்படுகின்றன. அவற்றின் திறன் பெரும்பாலும் ‘99.9 விழுக்காடு’ என்னும் ஒற்றை எண்ணால் குறிக்கப்படுகிறது. அந்த எண் உலோகத்தின் இயல்பை மட்டும் காட்டுவதன்று. ஈரப்பதம், வெப்பநிலை, தொடுகை நேரம், துளியின் அளவு, தேர்ந்தெடுத்த வைரசு, ஒப்பீட்டுப் பரப்பு, கண்டறிதல் எல்லை ஆகியவற்றின் கூட்டு விளைவே அது. வெளியான சோதனை முடிவுகள் சிலவற்றை மீள்கணக்கிட்டு, ஒரே உலோகத்திற்கு வெவ்வேறு எண்கள் கிடைப்பதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஈரநிலையில் 24 மணி நேரம் நடத்தப்படும் சோதனையை உலர்ந்த மருத்துவமனைப் பரப்புக்கு நேரடியாகப் பொருத்த இயலாது என்பதையும் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: செம்பு, நுண்ணுயிர் எதிர்ப்புப் பரப்பு, வைரசுச் செயலிழப்பு, ஐ.எஸ்.ஓ. 21702, மடக்கைக் குறைவு, கண்டறிதல் எல்லை, மருத்துவமனைத் தொற்று

முன்னுரை

மருத்துவமனை அறையில் நோயாளியும் செவிலியரும் பார்வையாளரும் மாறி மாறித் தொடும் பொருள்கள் பல. படுக்கையின் பக்கக் கம்பி, கதவின் கைப்பிடி, குளுக்கோஸ் ஏற்றும் கம்பம், செவிலியரை அழைக்கும் பொத்தான், உணவு வைக்கும் மேசை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றைக் கிருமிநாசினியால் துடைத்தாலும் அடுத்த கை பட்டவுடன் மீண்டும் மாசுபடுகின்றன. இரண்டு துடைப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பரப்பே கிருமிகளை அழிக்குமானால் பரவலின் ஒரு வழி அடைபடும் என்பதே நுண்ணுயிர் எதிர்ப்புப் பரப்புகளின் அடிப்படைக் கருத்து.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இக்கருத்து வைரசுகளை நோக்கி விரிந்தது. அதற்கு முன் இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் பாக்டீரியாக்களையே மையமாகக் கொண்டிருந்தன. பாக்டீரியாவுக்கென உருவான சோதனை முறைகளும் எண்களும் வைரசுக்கு எடுத்தாளப்பட்டபோது அவற்றின் வரையறைகள் உடன் எடுத்துச் செல்லப்படவில்லை. இதன் விளைவு வெறும் கல்விசார் குழப்பமாக நிற்பதில்லை. கொள்முதல் குழு ஒன்று, விழுக்காட்டு எண்ணை மட்டும் பார்த்துப் பூச்சு ஒன்றைத் தேர்வு செய்தால் செலவு வீணாகலாம். ‘பரப்பே பார்த்துக்கொள்ளும்’ என்னும் நம்பிக்கையில் துடைக்கும் பணி தளர்ந்தால் நோயாளிக்குத் தீங்கும் நேரலாம். ஆகவே, அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிவது இன்றியமையாதது.

1. உலோகப் பரப்பு வைரசைச் செயலிழக்கச் செய்யும் விதம்

வைரசு தனித்து வளர்சிதை மாற்றம் செய்யும் உயிரி அன்று. எனவே, ‘கொல்லுதல்’ என்னும் சொல்லை விடச் ‘செயலிழக்கச் செய்தல்’ என்பதே பொருத்தமானது. வைரசுத் துகள் உயிரணுவுக்குள் நுழைந்து பெருகும் திறனை இழப்பதே செயலிழப்பு. புற உறை சிதைதல், புரதங்கள் உருமாறுதல், மரபுப்பொருள் துண்டாதல் ஆகியவற்றுள் எதனாலும் இது நிகழலாம்.

செம்புப் பரப்பில் இம்மூன்றும் நிகழக்கூடும். பரப்பிலிருந்து வெளியாகும் செம்பு அயனிகள் புரதங்களுடன் பிணைகின்றன. ஆக்சிசனின் வினைமிகு வடிவங்கள் உருவாகவும் துணைபுரிகின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்ன்ஸ், லிட்டில், கீவில் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. மனிதக் கொரோனா வைரசு 229இ நெகிழி, கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்கா எஃகு முதலிய பரப்புகளில் 5 நாள்கள் வரை தொற்றும் திறனுடன் இருந்தது. செம்புக் கலவைகளிலோ விரைவில் செயலிழந்தது. அதன் மரபுப்பொருளும் துண்டுகளாகச் சிதைந்தது. குறைந்தது 70 விழுக்காடு செம்பு கொண்ட பித்தளை வகைகள் மிகுந்த பயனளித்தன.

வெள்ளியின் செயல்பாடு இதனின்று வேறுபடுகிறது. பூச்சுகளில் சேர்க்கப்படும் வெள்ளி பெரும்பாலும் அயனிகளாக வெளியேறியே வினைபுரிகிறது. அயனி வெளியேறவும் கிருமியை அடையவும் பரப்பில் நீர் இருக்க வேண்டும். இவ்வேறுபாடு சோதனை முறையோடு நேரடித் தொடர்புடையது என்பது நான்காம் பகுதியில் விளக்கப்படும்.

2. தரப்படுத்தப்பட்ட சோதனையின் அமைப்பு

பரப்புகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனை அளக்கும் முறைகளுள் பரவலாகப் பயன்படுவது 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான ஜே.ஐ.எஸ். இசட் 2801 என்னும் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதிலிருந்து உருவான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 22196 ஆகும். இது பாக்டீரியாவுக்கு உரியது. இதே அமைப்பை வைரசுக்கு ஏற்ப மாற்றி 2019இல் ஐ.எஸ்.ஓ. 21702 வெளியிடப்பட்டது. நெகிழி, பிற நுண்துளையற்ற பரப்புகள் ஆகியவற்றின் வைரசு எதிர்ப்புத் திறனை அளப்பது இதன் நோக்கம்.

இதன் செய்முறை எளியது. 50 மி.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டின் மேல் 0.4 மி.லி. வைரசுக் கரைசல் இடப்படுகிறது. அதன் மேல் 40 மி.மீ. பக்கமுள்ள மெல்லிய நெகிழித் தாள் பரப்பப்படுகிறது. தாளின் கீழ்க் கரைசல் சீராகப் பரவி, ஆவியாகாமல் நிற்கிறது. துண்டு 25 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்கப்படுகிறது. பின்னர்ப் பரப்பிலிருந்து வைரசு கழுவி எடுக்கப்பட்டு, வளர்ப்பு உயிரணுக்களில் இடப்படுகிறது. தொற்றும் திறனுடன் எஞ்சியவை எவ்வளவு என்பது அதன்வழி கணக்கிடப்படுகிறது. எதிர்ப்புப் பொருள் சேர்க்கப்படாத ஒப்பீட்டுத் துண்டிலும் இதே செய்முறை பின்பற்றப்படும். இரண்டின் மடக்கை மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடே அப்பரப்பின் வைரசு எதிர்ப்பு மதிப்பு.

இவ்வமைப்பின் வடிவியலைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.4 மி.லி. நீர்மம் 16 சதுர செ.மீ. பரப்பில் பரவும்போது ஏறத்தாழ 0.25 மி.மீ. தடிமனுள்ள நீர்ப்படலம் உருவாகிறது. அப்படலம் ஒரு நாள் முழுதும் உலர்வதில்லை. மருத்துவமனைக் கைப்பிடியில் விரல் விட்டுச்செல்லும் ஈரமோ மிகச் சிறிய அளவினது, விரைவில் உலர்ந்துவிடுவது. ஒரே ஆய்வகத்தில் பல பொருள்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்த இச்சோதனை சிறந்த கருவி. ஆனால் மருத்துவமனைப் பரப்பின் நிலையை அது போலச்செய்வதில்லை.

3. ‘99.9 விழுக்காடு’ என்பதன் பொருள்

வைரசுச் செயலிழப்பு பெரும்பாலும் அரை ஆயுட்காலத்தைப் பின்பற்றி நிகழ்கிறது. குறிப்பிட்ட காலத்தில் பாதி அழிந்தால், அதே அளவு காலத்தில் எஞ்சியதில் பாதி அழியும். 99.9 விழுக்காடு குறைவதற்கு ஏறத்தாழ 10 அரை ஆயுட்காலங்கள் தேவை. இது 3 மடக்கைக் குறைவு எனப்படும்.

நாய்ஸ், மைக்கேல்ஸ், கீவில் ஆகியோர் 2007இல் இன்ஃபுளுயன்சா ஏ வைரசைக் கொண்டு நடத்திய சோதனை இதற்கு நல்ல சான்று. சுமார் 20 இலட்சம் வைரசுத் துகள்கள் பரப்பில் இடப்பட்டன. செம்பில் 1 மணி நேரத்தில் 75 விழுக்காடு செயலிழந்தது. 6 மணி நேரத்தில் 500 துகள்களே எஞ்சின. ஒரு மணி நேரத்தில் 75 விழுக்காடு என்றால் அரை ஆயுட்காலம் 30 நிமிடம். 6 மணி நேரத்தில் 12 அரை ஆயுட்காலங்கள் கடக்கின்றன. அதாவது 4,096 மடங்கு குறைவு. 20 இலட்சத்தை 4,096ஆல் வகுத்தால் ஏறத்தாழ 490 கிடைக்கிறது. சோதனையில் கண்ட எண்ணும் இதுவே. எனவே, அச்சோதனையின் நிலைமைகளில் 99.9 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ 5 மணி நேரம் தேவைப்பட்டது எனலாம்.

அதே சோதனையில் துருப்பிடிக்கா எஃகில் 24 மணி நேரத்திற்குப் பின் 5 இலட்சம் துகள்கள் எஞ்சின. நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மை ஏதும் இல்லாத எஃகிலும் 75 விழுக்காடு தானாகவே செயலிழந்தது என்பது இதன் பொருள். ஒப்பீட்டுப் பரப்பு இல்லாமல் தொடக்க அளவோடு மட்டும் ஒப்பிட்டால், இந்த இயற்கை இழப்பும் பொருளின் திறனாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுவது, வான் டோரமலன் முதலியோர் 2020 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. 21 முதல் 23 பாகை வெப்பநிலையிலும் 40 விழுக்காடு ஈரப்பதத்திலும் சார்ஸ்-கோவ்-2 வைரசு சோதிக்கப்பட்டது. துருப்பிடிக்கா எஃகில் மில்லிலிட்டருக்கு 10இன் 3.7ஆம் அடுக்காக, அதாவது சுமார் 5,000ஆக இருந்த தொற்று அளவு, 48 மணி நேரத்தில் 10இன் 0.6ஆம் அடுக்குக்கு, அதாவது சுமார் 4க்குக் குறைந்தது. இது 3.1 மடக்கைக் குறைவு, விழுக்காட்டில் 99.9ஐச் சற்றே கடந்தது. எனவே, காலமும் ஒப்பீடும் கூறப்படாவிடில் ‘99.9 விழுக்காடு வைரசு அழிகிறது’ என்னும் கூற்று சாதாரண எஃகுக்கும் பொருந்திவிடும்.

4. ஈரமும் உலர்வும்

சோதனை நிலைமைகளுள் முடிவை மிகவும் மாற்றுவது ஈரம். மைக்கேல்ஸ், நாய்ஸ், கீவில் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஒப்பீடு இத்துறையில் அடிப்படையானது. மெத்திசிலினுக்குப் பணியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை அவர்கள் வெள்ளி அயனி கொண்ட பொருளிலும் செம்புக் கலவைகளிலும் இட்டுச் சோதித்தனர். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் இரண்டுமே 5 மடக்கைக்கு மேற்பட்ட குறைவைத் தந்தன. ஈரப்பதத்தை அறைகளில் காணக்கூடிய ஏறத்தாழ 20 விழுக்காடு அளவுக்குக் குறைத்தபோது வெள்ளிப் பொருளின் திறன் ஏறக்குறைய மறைந்தது. செம்புக் கலவைகளின் திறன் நிலைத்தது.

இச்சோதனை பாக்டீரியாவைப் பற்றியது. வைரசுக்கு அதன் எண்களை அப்படியே பொருத்த இயலாது. எனினும் அது எழுப்பும் முறையியல் வினா இரண்டுக்கும் பொதுவானது. தரப்படுத்தப்பட்ட ஈரச்சோதனையில் சமமாகத் தேர்ச்சி பெறும் இரண்டு பொருள்கள் உலர்நிலையில் முற்றிலும் வேறுபடலாம். ஈரச்சோதனையின் சான்றிதழ் அவ்வேறுபாட்டைக் காட்டாது.

தமிழ்நாட்டில் சிறு நீர்க்கலத்துக்குச் ‘செம்பு’ என்றே பெயர். செம்புக் குடத்து நீர் நல்லது என்னும் வழக்குக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2012இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்று, செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அழிந்ததைக் காட்டியது. இதுவும் ஈரநிலைச் சோதனையே: நீர் இரவு முழுதும் உலோகத்தோடு தொடர்பில் இருக்கிறது. குடத்துக்கு அது மெய்யான பயன்பாட்டு நிலை. கைப்பிடிக்கோ அது மெய்யான நிலை அன்று. எந்தச் சோதனையும் தன்னளவில் பிழையானதன்று. பயன்படும் இடத்தோடு ஒத்திருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய வினா.

உலர்தலின் விளைவு வைரசுச் சோதனைகளிலும் தென்படுகிறது. மேற்குறித்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், விரல்நுனி மாசைப் போலச்செய்யும் சிறு துளிகள் இடப்பட்டபோது செம்புக் கலவைகளில் செயலிழப்பு இன்னும் விரைவாக நிகழ்ந்தது. துளி சிறிதாயின் வைரசுத் துகள்கள் உலோகத்தை விரைவில் நெருங்குகின்றன. பெரிய துளியில் அவற்றுட் பல உலோகத்தைத் தொடாமலே நீண்ட நேரம் மிதக்கக்கூடும். ஆகவே, செம்பின் திறனை ஈரச்சோதனை குறைத்துக் காட்டவும், வெள்ளிப் பூச்சின் திறனை மிகைப்படுத்திக் காட்டவும் வாய்ப்புண்டு.

இக்குறையை நிரப்பும் முயற்சியாக, உலர்ந்த சூழலில் பயன்படும் பரப்புகளின் பாக்டீரியா அழிப்புத் திறனை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 7581 என்னும் தரம் 2023இல் வெளியானது. பெயரே கூறுவதுபோல் இது பாக்டீரியாவுக்கு உரியது. வைரசுக்கு உரிய ஐ.எஸ்.ஓ. 21702 ஈரப்படல அமைப்பையே கொண்டுள்ளது.

5. கண்டறிதல் எல்லையும் உயிரணு நச்சுத்தன்மையும்

பரப்பில் எஞ்சிய வைரசை அளப்பதில் உலோகங்களுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. வைரசைக் கழுவி எடுக்கும் நீர்மத்தில் உலோக அயனிகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அவை இரண்டு வகையில் முடிவைத் திரிக்கும். முதலாவது, குறித்த நேரம் முடிந்த பின்னும் குழாய்க்குள் வைரசைச் செயலிழக்கச் செய்துகொண்டிருக்கும். அவ்வாறாயின் 10 நிமிடச் சோதனை உண்மையில் நெடுநேரச் சோதனையாகிவிடும். இரண்டாவது, வளர்ப்பு உயிரணுக்களையே நச்சுப்படுத்தும். வைரசால் இறந்த உயிரணுவையும் உலோகத்தால் இறந்த உயிரணுவையும் அப்போது பிரித்தறிய இயலாது.

இதனால்தான் நடுநிலையாக்கும் நீர்மம் பயன்படுத்தப்படுகிறது. அது அயனிகளின் செயலை உடனே நிறுத்துகிறதா, உயிரணுக்களுக்குத் தீங்கற்றதா, உயிரணுக்கள் வைரசை ஏற்கும் திறன் குறையாமல் இருக்கிறதா என்பன தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும். இச்சரிபார்ப்பு இல்லாத அறிக்கையில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அது நம்பத்தக்கதன்று.

நச்சுத்தன்மையைத் தவிர்க்க மாதிரியை மிகுதியாக நீர்க்கச் செய்தால் மற்றோர் இடர் தோன்றும். கண்டறிதல் எல்லை உயர்ந்துவிடும். மேற்கண்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில் எஃகுக்கும் நெகிழிக்கும் கண்டறிதல் எல்லை மில்லிலிட்டருக்கு 10இன் 0.5ஆம் அடுக்கு, அதாவது சுமார் 3. செம்புக்கோ அது 10இன் 1.5ஆம் அடுக்கு, அதாவது சுமார் 32. ‘4 மணி நேரத்திற்குப் பின் செம்பில் வைரசு காணப்படவில்லை’ என்னும் முடிவு உலகெங்கும் எடுத்துரைக்கப்பட்டது. அதன் துல்லியமான பொருள், ‘எஞ்சியது 32க்குக் குறைவு’ என்பதே. செம்பிலும் தொடக்க அளவு எஃகைப் போல் 5,000 எனக் கொண்டால், இவ்வெல்லைக்குள் நிறுவக்கூடிய மிகப்பெரிய குறைவு 2.2 மடக்கை, அதாவது 99.4 விழுக்காடு. 99.9 விழுக்காட்டை நிறுவ அத்தொடக்க அளவு போதாது.

அதே ஆய்வு செம்பில் சார்ஸ்-கோவ்-2 வைரசின் அரை ஆயுட்காலம் சுமார் 0.77 மணி நேரம் என மதிப்பிட்டது. எஃகில் அது 5.6 மணி நேரம், நெகிழியில் 6.8 மணி நேரம். செம்பின் மேன்மை இங்கு ஐயத்திற்கு இடமின்றி வெளிப்படுகிறது. ஆனால் 0.77 மணி நேரத்தை 10ஆல் பெருக்கினால், 99.9 விழுக்காட்டுக்கு 7 மணி நேரத்திற்கும் மேலாகிறது. ‘காணப்படவில்லை’ என்னும் சொல்லைவிட அரை ஆயுட்காலம் மிகுந்த செய்தியைத் தருகிறது; அது தொடக்க அளவையோ கண்டறிதல் எல்லையையோ பெரிதும் சார்ந்திருப்பதில்லை.

மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறை இங்குத் தனித்துப் போதாது. செயலிழந்த வைரசின் மரபுத் துண்டுகளையும் அது கண்டறியும். தொற்றும் திறனை அறிய உயிரணு வளர்ப்புச் சோதனை தேவை.

6. வைரசின் தேர்வும் மாசின் தன்மையும்

கொழுப்பு உறை கொண்ட வைரசுகள் பொதுவாக எளிதில் சிதைவன, உறையற்றவை உறுதியானவை. ஐ.எஸ்.ஓ. 21702 இவ்விரு வகைக்கும் சான்றாக இன்ஃபுளுயன்சா ஏ வைரசையும் பூனைக் காலிசி வைரசையும் எடுத்துக்கொள்கிறது. பின்னது, மருத்துவமனை வார்டுகளில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரசுக்குப் பதிலியாக நீண்ட காலம் பயன்பட்டு வருவது. உறையுள்ள வைரசில் மட்டும் சோதிக்கப்பட்ட பொருளை ‘எல்லா வைரசுகளையும் அழிப்பது’ எனக் கூறுதல் பொருந்தாது. உறையற்ற வைரசில் தேர்ச்சி பெற்ற பொருள் உறையுள்ளவற்றிலும் பயன்படும் என எதிர்பார்ப்பதற்கு ஓரளவு நியாயம் உண்டு.

வைரசு எந்த நீர்மத்தில் கலந்து இடப்படுகிறது என்பதும் முதன்மையானது. நோயாளியின் உமிழ்நீர், சளி, மலம் ஆகியவற்றில் உள்ள புரதங்கள் வைரசைச் சூழ்ந்து காக்கின்றன. உலோக அயனிகளையும் பிணைத்துக்கொள்கின்றன. தூய வளர்ப்பு நீர்மத்தில் கிடைத்த வேகம், சளி கலந்த மாசில் கிடைக்கும் என உறுதி கூற இயலாது.

சூழல் மாறும்போது ஒரே பரப்பில் கிடைக்கும் காலம் எவ்வளவு வேறுபடும் என்பதை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 20 பாகை வெப்பநிலையில், இருட்டில், எஃகு, கண்ணாடி முதலிய பரப்புகளில் சார்ஸ்-கோவ்-2 வைரசு 28 நாள்கள் வரை தொற்றும் திறனுடன் காணப்பட்டது. 40 பாகையில் சில பரப்புகளில் அது 24 மணி நேரமும் நிலைக்கவில்லை. எஃகில் ஓர் ஆய்வு நாள்களையும் மற்றோர் ஆய்வு வாரங்களையும் கூறுவதற்குக் காரணம் முரண்பாடு அன்று. தொடக்க அளவு, ஒளி, வெப்பம், நீர்மம் ஆகியவற்றின் வேறுபாடே.

7. தேய்மானமும் ஒழுங்குமுறையும்

புதிய துண்டில் ஒருமுறை நடத்தப்படும் சோதனை, பல ஆண்டுகள் கைபட்டும் துடைக்கப்பட்டும் பழகிய பரப்பைப் பற்றி எதுவும் கூறாது. செம்பு ஆக்சிசனேற்றம் அடைகிறது. வியர்வையின் உப்பு அதன் மேல் படிகிறது. துடைக்கும் நீர்மங்கள் படலம் விடுகின்றன. பூச்சாயின் தேய்ந்தே போகலாம்.

இவ்வகையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்புக் கலவைகளுக்கு வகுத்த நடைமுறை கவனிக்கத்தக்கது. 2008இல் அம்முகமை செம்புக் கலவைகளைப் பதிவு செய்து, 2 மணி நேரத்தில் 99.9 விழுக்காடு பாக்டீரியாவை அழிப்பன எனக் கூற இசைவளித்தது. அதற்கு மூவகைச் சோதனைகள் வேண்டப்பட்டன. முதலாவது, பரப்பில் உலர்ந்த மாசின் மீதான அடிப்படைத் திறன். இரண்டாவது, ஈரமாகவும் உலர்வாகவும் தேய்த்த பின் எஞ்சும் திறன். மூன்றாவது, இடையே துடைக்காமல் திரும்பத் திரும்ப மாசுபடுத்தியபோதும் தொடரும் திறன். மருத்துவமனைக் கைப்பிடியின் அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருங்கியது மூன்றாவது சோதனையே.

2021 பிப்ரவரியில் அம்முகமை, குறைந்தது 95.6 விழுக்காடு செம்பு கொண்ட கலவைகளுக்குச் சார்ஸ்-கோவ்-2 வைரசைக் குறித்த கூற்றையும் ஏற்றது. செயலிழக்கச் செய்வதற்குக் கடினமான வைரசுகளில் நடந்த சோதனைகள் இதற்கு அடிப்படையாயின. இங்கும் கூறப்பட்ட காலம் 2 மணி நேரம். வழக்கமான துடைப்புக்கும் கிருமிநீக்கத்துக்கும் இது துணையே, மாற்று அன்று என்பதும் உடன் வலியுறுத்தப்பட்டது.

செம்புக்கு 99.9 விழுக்காட்டை எட்டும் காலம் ஓரிடத்தில் 2 மணி நேரம், இன்னோரிடத்தில் ஏறத்தாழ 5 மணி நேரம், வேறோரிடத்தில் 7 மணி நேரத்திற்கும் மேல். ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 2021இல் அறிவித்த, 20 விழுக்காடு செம்பு கலந்த துருப்பிடிக்கா எஃகு 3 மணி நேரத்தில் 99.75 விழுக்காட்டையும் 6 மணி நேரத்தில் 99.99 விழுக்காட்டையும் எட்டியது. இந்த எண்களை ஒரே அட்டவணையில் இட்டு எது சிறந்தது எனத் தீர்மானிப்பது முறையன்று. ஒரே சோதனை நிலைமையில், ஒரே வைரசைக் கொண்டு, ஒரே நாளில் அருகருகே சோதித்தால் மட்டுமே தரவரிசை பொருள் தரும்.

8. ஆய்வகத்திலிருந்து நோயாளியை நோக்கி

பரப்பில் வைரசு குறைந்தால் நோயாளிக்குத் தொற்று குறையுமா என்பது தனி வினா. 2013இல் சல்காடோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அமெரிக்காவின் 3 மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை அறைகள் சிலவற்றில் அடிக்கடி தொடப்படும் பொருள்கள் செம்புக் கலவையால் அமைக்கப்பட்டன. 614 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வில், மருத்துவமனைத் தொற்று விகிதம் சாதாரண அறைகளில் 0.081 ஆகவும் செம்பு அறைகளில் 0.034 ஆகவும் இருந்தது. இது பாதிக்கும் மேற்பட்ட குறைவு. ஆயினும் அவ்வாய்வு தொற்றுகளோடு சேர்த்து முதன்மையாக நோக்கியது மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களின் குடியேற்றத்தை. அதன் முடிவைச் சுவாச வைரசுக்கான சான்றாகக் கொள்ள இயலாது.

சுவாச வைரசுகளைப் பொறுத்தவரை, பரப்பு வழிப் பரவலின் பங்கே விவாதத்திற்குரியது. 2020இல் இமானுவேல் கோல்ட்மன் ‘லான்செட் தொற்றுநோய்’ இதழில், ஆய்வகச் சோதனைகளில் இடப்படும் வைரசின் அளவு நடைமுறையில் பரப்பில் விழும் அளவைவிட மிகப் பெரிது எனச் சுட்டி, பரப்பு வழி ஆபத்து மிகைப்படுத்தப்பட்டுள்ளது என வாதிட்டார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் சார்ஸ்-கோவ்-2 தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் 1க்கும் குறைவு என மதிப்பிட்டது. நோரோ போன்ற உறையற்ற குடல் வைரசுகளின் நிலை வேறு. அவை பரப்பில் நெடுங்காலம் நிலைப்பவை, கைவழிப் பரவலுக்கு உரியவை. எனவே, பரப்பைத் தேர்வு செய்யும் மருத்துவமனை முதலில் விடையளிக்க வேண்டிய வினா, ‘எந்த வைரசுக்காக?’ என்பதே.

காலக்கணக்கும் இங்கு முதன்மை பெறுகிறது. தீவிர சிகிச்சை அறையில் ஒரு கை பட்ட கம்பியை அடுத்த கை சில நிமிடங்களில் தொடக்கூடும். அரை ஆயுட்காலம் 30 நிமிடமாயின், 5 நிமிடத்தில் குறைவது ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே. இரவில் தொடப்படாமல் கிடக்கும் கைப்பிடியில் இதே உலோகம் பெரும்பயன் தரும். பரப்பு, நெடிய இடைவெளிகளின் காவலாள். அடுத்தடுத்த தொடுகைகளுக்கு இடையே காப்பது கை கழுவுதலே.

9. சோதனை அறிக்கையை மதிப்பிடும் வினாக்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், எந்தவொரு சோதனை அறிக்கையையும் பின்வரும் வினாக்களால் மதிப்பிடலாம்.

1. சோதனை ஈரநிலையில் நடந்ததா, உலர்நிலையிலா? வெப்பநிலையும் ஈரப்பதமும் எவ்வளவு?
2. குறைவு எதனோடு ஒப்பிடப்பட்டது: தொடக்க அளவோடா, அதே நேரம் வைக்கப்பட்ட ஒப்பீட்டுப் பரப்போடா?
3. ஒரே நேரப்புள்ளியில் அளக்கப்பட்டதா, பல நேரப்புள்ளிகளில் அளந்து அரை ஆயுட்காலம் கூறப்பட்டதா?
4. கண்டறிதல் எல்லை எவ்வளவு? நடுநிலையாக்கமும் உயிரணு நச்சுத்தன்மையும் சரிபார்க்கப்பட்டனவா?
5. உறையற்ற வைரசு சேர்க்கப்பட்டதா? உமிழ்நீர், சளி போன்ற கரிம மாசு கலக்கப்பட்டதா?
6. தேய்த்த பின்பும், திரும்பத் திரும்ப மாசுபடுத்திய பின்பும் திறன் அளக்கப்பட்டதா?

இவற்றுள் முதல் நான்கிற்கு விடை இல்லாத அறிக்கையின் விழுக்காட்டு எண்ணை முடிவெடுக்கப் பயன்படுத்தலாகாது. இறுதி இரண்டிற்கு விடை இல்லையெனில், அதனைத் தொடக்கநிலைச் சான்றாக மட்டும் கொள்ளலாம்.

முடிவுரை

செம்பும் செம்பு மிகுந்த கலவைகளும் வைரசுகளை எஃகையும் நெகிழியையும் விட விரைவாகச் செயலிழக்கச் செய்கின்றன என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் எவ்வளவு விரைவாக என்பதற்குச் சோதனை நிலைமைகளைக் கூறாமல் விடை கூற இயலாது. ஈரப்படலத்தின் கீழ் 24 மணி நேரம் நடத்தப்படும் தரச்சோதனை, பொருள்களை முதற்கட்டமாகச் சலித்தெடுக்க உதவும். மருத்துவமனைப் பயனை முன்னுரைக்க உதவாது. உலர்ந்த சிறு துளி, கரிம மாசு, உறையற்ற வைரசு, பல நேரப்புள்ளிகள், தேய்மானம் ஆகியவற்றை உள்ளடக்கிய வைரசுச் சோதனை முறை தரப்படுத்தப்பட வேண்டும். அதுவரை, கொள்முதல் முடிவெடுப்போரும் ஆய்வேட்டில் இவ்வெண்களை மேற்கோள் காட்டுவோரும் விழுக்காட்டோடு அதன் நிலைமைகளையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். நிலைமைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ‘99.9’ நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி எதையும் உறுதி செய்வதில்லை.